பிளாஸ்டர் ஒட்டிய கேசட்

கோபமாக இருக்கும்போது பெட்டி கட்டாதே என்று என் வீட்டுக்காரர் சொல்வார். அப்படிப் பார்த்தால் நான் உறையூரை விட்டு எங்கேயுமே போக முடியாது.

என் தொழில் அப்படி. பழைய கேசட்டையும் ஸ்பூலையும் துடைத்துச் சுத்தம் பண்ணி, அதில் இருப்பதை என் பதிவுக் கூடத்தில் கம்ப்யூட்டரில் ஏற்றித் தருகிறேன். பூஞ்சை பிடித்த நாடாவைத் துடைக்கத் துடைக்க எனக்கு மனிதர்கள் மேல் ஆத்திரம் வரும். எதையும் பத்திரமாக வைத்துக்கொள்ளத் துப்பில்லாத ஜனம் நாம். பொம்மைக்கு ஷோகேஸ் செய்வோம், பாடினவர் குரலைப் பரணில் எலிக்குப் போடுவோம்.

துறையூரிலிருந்து சேகர் என்பவர் ஒரு கேசட் கொண்டுவந்தார். இரண்டு அரசாங்கமும் போட்ட ஒப்பந்தத்தில் சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்த குடும்பம். அவர் அம்மா இறந்துபோய், வீட்டைக் காலி பண்ணும்போது கிடைத்ததாம். கேசட்டின் மேல்விளிம்பில் இரண்டு துண்டு பிளாஸ்டர் ஒட்டியிருந்தது, காயத்துக்குப் போடுவோமே அதே பிளாஸ்டர். மேலே வேறு எதுவும் பதிவாகி அழியாமல் இருக்கக் கேசட்டின் விளிம்பில் உள்ள சின்னக் காதை உடைத்துவிடுவார்கள். உடைந்த ஓட்டையை யாரோ அடைத்து, மறுபடி பதிவு பண்ணியிருக்கிறார்கள். அதைப் பார்த்ததுமே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

போட்டுப் பார்த்தேன். ஒரு பொம்பளை பேசிக்கொண்டிருந்தார். சுகமா இருக்கீங்களா, நாங்க சுகம், இங்க மழை விடல. குடும்பக் கதை. ஒரு நிமிஷம் கேட்டுவிட்டு நாடாவைச் சுற்றித் தள்ளினேன். இருபது நிமிஷம் தள்ளின பிறகு, ஒரு பாட்டின் நடுவில் போய் நின்றது.

அந்தக் குரலை எப்படிச் சொல்வது? உலை கொதித்து மூடியைத் தள்ளுமே, அப்படி. அமெரிக்காவில் கறுப்பின மக்கள் கோயிலில் அழுது பாடியதைக் காதலுக்கும் கண்ணீருக்கும் கொண்டுவந்தார்கள், சோல் என்று அதற்குப் பெயர். இந்தப் பெண் அதைத் தமிழில், அதுவும் எங்கள் திருச்சிப் பக்கத்துப் பேச்சில் பாடிக்கொண்டிருந்தார். பின்னால் ஒரு ஓட்டை டிரம், ஒரு கிதார். பாதிப் பாட்டு, அப்புறம் முழுசாக இரண்டு பாட்டு. அவ்வளவுதான்.

எங்க பெரியம்மா, பேரு ரோசலின், சிலோன்ல லிந்துலைப் பக்கம் ஏதோ தோட்டம், இருக்காங்களோ இல்லையோ என்றார் சேகர். பாட்டை மட்டும் பென்டிரைவில் ஏற்றி, கேசட்டோடு திருப்பிக் கொடுத்தேன். இரண்டாவது பாட்டில் சரியாக ஒரு இடத்தில் குழந்தை ஒன்று இருமிக் கெடுத்திருந்தது. இரண்டு நாள் உட்கார்ந்து அந்த இருமலை எடுத்தேன். எடுத்த தடமே தெரியாது.

கொழும்பில் பழைய பாட்டுச் சேகரிக்கும் ஒருவரை போனில் பிடித்துக் கேட்டேன். "தோட்டத்துல பாடுனவங்களையெல்லாம் யாரு மேடம் குறிச்சு வைக்கிறது?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்புக்காகவே சிலோனுக்குக் கிளம்பினேன். மிச்சப் பாட்டுகளைத் தேடிப் பிடிப்பது, அந்த அம்மா உயிரோடு இருந்தால் அனுமதி வாங்குவது, பாட்டை உலகத்துக்கு வெளியிடுவது. இதுதான் திட்டம்.

முதல் நாள் ரயிலிலேயே வயிறெரிந்தது. வாசல்களிலெல்லாம் வெள்ளைக்காரப் பிள்ளைகள் தொங்கிக்கொண்டு படம் எடுத்தார்கள். மலை, அருவி, கொழுந்து பறிக்கும் பெண்கள் எல்லாம் அவர்களுக்கு ஒரே படம். ஹட்டன் தாண்டி ஒரு வளைவில் ரயில் நின்றுவிட்டது. தண்டவாளத்தில் மரம். எவ்வளவு நேரம் ஆகும் என்று கார்டைக் கேட்டதற்கு, மரம் நிதானமாகத்தான் விழுந்தது, எடுப்பதும் நிதானமாகத்தான் நடக்கும் என்று சிங்களத்தில் சொன்னாராம். எதிரில் இருந்த அக்கா மொழிபெயர்த்துச் சொல்லிவிட்டு, தன் பையிலிருந்து ரொட்டியும், மிளகாயும் வெங்காயமும் இடித்த கட்டச் சம்பலும் எடுத்து எனக்குப் பாதி கொடுத்தார். தேங்காய்ப்பூ போட்ட ரொட்டி தடிமனாக, வயிற்றில் போய்க் கல்லு மாதிரி உட்கார்ந்தது. சம்பலின் உறைப்பில் கண்ணில் தண்ணீர் வந்தது. தனியாவா வந்தீங்க என்று கேட்டார். ஆமாம் என்றேன். வீட்டில் விட்டாங்களா என்றார். ரொட்டி கொடுத்த கையாயிற்றே என்று வாயை மூடிக்கொண்டேன்.

நானுஓயாவில் இறங்கி நுவரெலியாவில் தங்கின இடத்தில், தேநீர் அனுபவம் என்று பலகை வைத்திருந்தார்கள். கண்ணாடிக் குடுவையில் தேயிலை, பக்கத்தில் மணல் கடிகாரம், கூரையிலிருந்து ஏதோ ஒரு தேசத்துப் பெண் முனகும் பாட்டு. இந்த ஊர்க்காரர் யாரும் பாடினது இல்லையா என்று மேனேஜர் பிள்ளையிடம் கேட்டேன். வருகிறவர்களுக்கு அது பிடிக்காது மிஸ் என்றான். போட்டால்தானே பிடிக்கிறதா இல்லையா என்று தெரியும்? கேட்டே விட்டேன். அவன் மணல் கடிகாரத்தைத் திருப்பி வைத்துவிட்டுப் போய்விட்டான்.

இரண்டாம் நாள் ஹட்டன். கேசட்டின் ஓரத்தில் மங்கின ரப்பர் முத்திரை ஒன்று இருந்தது. அதை வைத்து விசாரித்துக் கடையைக் கண்டுபிடித்துவிட்டேன். அந்தக் காலத்துப் பாட்டுக் கடை, இப்போது போன் உறை விற்கிறது. கல்லாவில் பாரூக் நானா. முஸ்லிம் கடைக்காரர்களை இங்கே நானா என்றுதான் கூப்பிடுகிறார்கள். வயது அறுபதை நெருங்கும். கடை அவருடைய வாப்பா வைத்தது, அவர் காலமாகிப் பல வருஷம்.

கேசட்டை நான் போனில் எடுத்து வைத்திருந்த படத்தைக் காட்டினதும் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டார். ரோசலினோட இது, என்றார். மொத்தம் ஆறு பாட்டு. தோட்டத்துத் தொழிற்சாலையில் டீமேக்கராக இருந்த ஒரு ஐயாவிடம் அமெரிக்க ரெக்கார்டுகள் நிறைய இருந்ததாம். அவர் பங்களாவில் கூட்டிப் பெருக்க வந்த பெண் ரோசலின். வாரியலும் கையுமாக நின்று கேட்டே பாடக் கற்றுக்கொண்டிருக்கிறார். கல்யாண வீடுகளில் பாடியதைக் கேட்டுவிட்டு வாப்பா கூப்பிட்டிருக்கிறார். பௌர்ணமி விடுமுறையான ஒரு போயா நாளில், கடைத்தெரு பூட்டிக் கிடந்த நேரத்தில், இதே கடையின் பின்னறையில் பதிவு பண்ணினார்களாம்.

"ரெக்கோட் பட்டன அமுக்குனது நான்தான். அவங்க புள்ளையையும் தூக்கிட்டு வந்திருந்தாங்க, விட்டுட்டு வர எடமில்லன்னு. மாவு மூட்டை மேல ஒக்கார வச்சு, சத்தம் போடாம சப்பிட்டு இருக்க ஒரு டொபி குடுத்தோம்" என்றார்.

மூலப் பதிவு எங்கே என்று கேட்டேன். அவர் ஷெல்ஃபைப் பார்த்தார். கல்யாண வீட்டுக்காரர் ஒருவர் அவசரமாக சினிமாப் பாட்டு கேட்டாராம். புதுக் கேசட் தீர்ந்துபோயிருந்ததாம். அதன் மேலேயே அடித்துக் கொடுத்துவிட்டார்களாம்.

இரண்டு மாசமாக அடக்கி வைத்த ஆத்திரமெல்லாம் அந்த மனிதர் தலையில் இறங்கியது. ஒருத்தி தொண்டையைக் கிழித்துப் பாடினதை அழிக்க எப்படி மனசு வந்தது, அழிக்கும் முன்னால் முழுசாக ஒரு தடவை கேட்டுப் பார்த்தீர்களா, உள்ளே என்ன இருக்கிறது என்றே பார்க்காமல் ஒரு குரலை அழிப்பவன் மனுஷனா என்று கேட்டேன். நல்லா ஞாபகம் இருக்கிறது, இதே வார்த்தைகள். போன் உறை வாங்க வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

நானா கோபப்படவில்லை. இஞ்சி போட்டுப் பால் இல்லாத பிளேன்டியும், இவர்கள் பணிசு என்று சொல்லும் பன்னில் சீனிச் சம்பல் வைத்தும் வரவழைத்தார். "ஓடர் வந்தா அடிச்சுக் குடுக்கிறதுதான் மிஸ் தொழில். இப்புடி ஒருத்தர் தேடி வருவாங்கன்னு அன்னிக்கு யாருக்குத் தெரியும்?" என்றார். ஒரே ஒரு பிரதிதான் ரோசலின் கையில் கொடுத்ததாம். யாரும் அழித்துவிடக் கூடாது என்று வாப்பா தன் கையாலேயே காதை உடைத்துக் கொடுத்தாராம். அந்த அம்மா இருக்காங்க, இப்ப லிந்துலையில இல்ல, டயகமப் பக்கம் போயிட்டாங்க என்று தோட்டத்தின் பெயரையும் எழுதிக் கொடுத்தார். பணிசு நன்றாக இருந்தது. அதுவும் எனக்கு எரிச்சலாக இருந்தது.

மூன்றாம் நாள் தலவாக்கலையிலிருந்து டயகம பஸ். நம்மூர் டவுன் பஸ்ஸைக் குறை சொல்கிற வாய்க்கு ஒரு தடவை இந்த ரோட்டைக் காட்ட வேண்டும். அக்கரப்பத்தனை தாண்டி ஒரு ஏற்றத்தில் பஸ் புகை விட்டு நின்றது. எல்லோரும் பேச்சுமூச்சில்லாமல் இறங்கி நடக்க ஆரம்பித்தார்கள், பழகிப்போனவர்கள். நான் மட்டும் கண்டக்டரிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். யோகராஜ் என்ற ஆட்டோக்காரர் வந்து என்னை மீட்டுக்கொண்டு போனார்.

ரோசலின் பெயரைச் சொன்னதும் அவருக்குத் தெரிந்தது. ஆனால் பாடகி என்றதும் வண்டியை மெதுவாக்கினார். "அவங்க பாடுவாங்களா? புள்ளமடுவத்துல புள்ள பாத்தவங்கல்ல மிஸ். நானே அவங்க கையில வளந்தவன்தான்" என்றார். தாய்மார் மலைக்கு வேலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப் போகும் இடம் அது. இருபது வருஷம் அந்த அம்மா ஊரார் பிள்ளைகளை ஆட்டித் தூங்க வைத்திருக்கிறார். ஒரு தாலாட்டு கூடக் கேட்டதில்லையா என்றேன். இல்லை, தட்டிக் கொடுத்துத்தான் தூங்க வைப்பாங்க என்றார்.

லயத்தின் கடைசி வீடு. ஒரே நீளக் கட்டடத்தை வெட்டி வெட்டிக் குடும்பத்துக்கு ஒரு அறை. தகரம் பறக்காமல் இருக்க மேலே கல்லும் டயரும். வெள்ளைக்காரத் துரை கட்டினது அப்படியே நிற்கிறது. அந்த மணல் கடிகாரத்துக்காரனைக் கூட்டிவந்து இந்தத் தகரத்தின் கீழே ஒரு மழை நாள் உட்கார வைத்தால் என்ன என்று தோன்றியது.

ரோசலின் அம்மாவுக்கு எழுபதுக்கு மேல் இருக்கும். ஒல்லியான உடம்பு, கம்பளித் தொப்பி, கழுத்தில் ஜெபமாலை. மருமகள் மலைக்குப் போயிருந்தார், மகன் கொழும்பில் வேலை. சேகர் பெயரைச் சொல்லி, அவர் அம்மா தவறிவிட்டதையும் சொன்னேன். தங்கச்சி செத்த சேதி அந்த அம்மாவுக்கு என் வாயால்தான் போய்ச் சேர வேண்டியிருந்தது. நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். அப்புறம் எழுந்து போய் எனக்குப் பிளேன்டி ஊற்றிக்கொண்டு வந்தார். சுற்றிலும் நல்ல கொழுந்து, குடிக்கக் கிடைப்பது தூள்.

பிளாஸ்டர் ஒட்டினது யார் என்று கேட்டேன். விசாரணை மாதிரிதான் கேட்டேன், ஒத்துக்கொள்கிறேன்.

"நான்தான். டிஸ்பென்சரில கேட்டு வாங்கிட்டு வந்து ஒட்டுனேன்" என்றார். தங்கச்சி இந்தியாவிலிருந்து கடிதம் போட்டாளாம். எழுத்தில் பார்த்துப் பார்த்து அலுத்துப்போச்சு, எல்லாரும் பேசிக் கேசட்டாக அனுப்புங்க என்று. வீட்டில் இருந்தது இந்த ஒரு கேசட்தான்.

எனக்குப் பொறுக்கவில்லை. உங்கள் பாட்டை நீங்களே இப்படி அழிக்கலாமா, மூன்றரைப் பாட்டு போயிற்றே, உலகத்தில் வேறு பிரதியே இல்லையே என்று படபடவென்று கேட்டேன். அந்த அம்மா என்னை வேடிக்கையாகப் பார்த்தார்.

"பாட்டு என்கிட்டதானேம்மா இருந்துச்சு. வேணுங்கிறப்ப பாடிக்குவேன். பேச்சுதான் கடல் தாண்டிப் போகணும்" என்றார்.

நான் பண்ணின வேலையைக் காட்டினால் புரியும் என்று நினைத்தேன். சின்ன ஸ்பீக்கரை எடுத்து வைத்துப் பாட்டைப் போட்டேன். நாற்பது வருஷத்துக்கு முந்தின அவர் குரல் அந்த அறையில் எழுந்தது. பக்கத்து வீட்டுப் பெண்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். யோகராஜ் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். அம்மா மட்டும் தலையைச் சாய்த்து, வேறு எதற்கோ காத்திருப்பவர் மாதிரிக் கேட்டுக்கொண்டிருந்தார். இரண்டாவது பாட்டு வந்ததும் நான் கை காட்டி, இங்கே கவனியுங்கள் என்றேன். இந்த இடத்தில் யாரோ குழந்தை இருமிப் பாட்டையே கெடுத்திருந்தது, இரண்டு நாள் உட்கார்ந்து எடுத்தேன், பாருங்கள் எவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்று பெருமையாகச் சொன்னேன்.

பாட்டு முடிந்ததும் அந்த அம்மா கேட்டார்.

"பாட்டு கெடக்கட்டும்மா. அதுக்கு முன்னாடி நாங்க பேசுவோம்ல, அதப் போடுங்க. கடைசியா எம் மக பேசுவா. சின்னம்மா, எனக்கு இந்தியாவுல இருந்து வளையல் வாங்கி அனுப்புங்கன்னு கேப்பா. மேரின்னு பேரு."

கேசட் அனுப்பின அதே மழைக்காலத்தில் மேரிக்குச் சளி நெஞ்சில் கட்டியிருக்கிறது. கொழுந்து லாரியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டதாம். ஆறு வயது. படம் கூடக் கிடையாது. அன்றைக்குப் பாட்டை விட்டவர்தான். "புள்ள போனாலும் அவ கொரலு இந்தியாவுல பத்திரமா இருக்குன்னு நெனச்சுக்குவேன். தங்கச்சியும் வச்சிருக்கேன்னு எழுதுனா" என்றார். கோர்வையாக, அழாமல் சொன்னார். வாசலில் நின்ற பெண்கள்தான் முந்தானையை எடுத்தார்கள்.

அந்தப் பேச்சு என்னிடம் இல்லை என்பதை மறைத்துவிட்டேன். கேசட் சேகரிடம் இருக்கிறது, நாளைக்குப் பேசி ஏற்பாடு செய்கிறேன் என்றேன். அந்த லயத்தில் சிக்னல் கிடையாது. பக்கத்து வீட்டில் பாய் போட்டுக் கொடுத்தார்கள். நான் தூங்கவில்லை.

நான்காம் நாள் விடிந்ததும், பெரட்டுக்குப் போகும் பெண்களோடு மேட்டில் ஏறினேன். மலைக்கு வேலை பிரித்துக் கொடுக்க ஆட்களைக் கூட்டுவதுதான் பெரட்டு. அதற்கு மேலே ஒரு பாறை. அதில் ஏறி நின்றால்தான் போன் பேசலாம். கொழும்புக்கும் சவூதிக்கும் பேச நின்றவர்களின் வரிசையில் நானும் நின்று சேகரைப் பிடித்தேன்.

"அந்தக் கேசட்டா? பென்டிரைவ்ல எல்லாம் இருக்குன்னு நீங்கதானேக்கா சொன்னீங்க. பழைய பேப்பர்காரர்கிட்டப் போட்டுட்டேன்" என்றார் சேகர்.

திட்ட வாயெடுத்தேன். யாரைத் திட்டுவது? கொழும்புக்காரரை, மேனேஜர் பிள்ளையை, பாரூக் நானாவை, கண்டக்டரை எல்லாம் திட்டியாகிவிட்டது. சுற்றித் தள்ளின இருபது நிமிஷத்தில் எந்த இடத்தில் அந்தப் பிள்ளை வளையல் கேட்டிருக்கும்? நான் ஒரு நிமிஷத்தில் நிறுத்தாமல் இருந்திருந்தால் போதும். அந்தப் பாறை மேல் நின்று என்னை நானே கேவலமாக ஏசிக்கொண்டேன். வரிசையில் நின்றவர்கள் போனில் யாரையோ ஏசுகிறேன் என்று நினைத்து ஒதுங்கி நின்றார்கள்.

அப்புறம்தான் மண்டையில் உறைத்தது, மாவு மூட்டை மேல் உட்கார்ந்திருந்த பிள்ளை. பாட்டுப் பகுதியைச் சுத்தம் பண்ணும் முன், அப்படியே ஏற்றின பதிவு கூடத்தில் இருக்கும். மூன்று மாதம் வைத்திருந்துவிட்டு இடம் போதாமல் அழிப்போம். இன்னும் மூன்று மாதம் ஆகவில்லை. கூடத்தில் எனக்கு உதவியாக இருக்கும் மாலதியை எழுப்பி ஓட விட்டேன். இருமல் வருகிற பாட்டு, சுத்தம் பண்ணாதது, உடனே அனுப்பு என்றேன். அது வந்து சேர ஒரு மணி நேரம் பாறையில் பனியில் நின்றேன்.

கீழே வந்து அம்மாவிடம் உள்ளதை உள்ளபடி சொன்னேன். பேச்சை நான் ஏற்றவில்லை, கேட்கக்கூட இல்லை, கேசட்டும் போய்விட்டது, தப்பு என்னுடையது என்றேன். காலில் விழுந்திருப்பேன், என்னைக் கூட்டிப்போக வந்திருந்த யோகராஜ் பிடித்துக்கொண்டார். காதில் மாட்டும் ஸ்பீக்கரை நானே அந்த அம்மாவின் தொப்பியை விலக்கி மாட்டிவிட்டு, பாட்டைப் போட்டேன்.

அந்த இடம் வந்ததும் அவர் கை என் மணிக்கட்டைப் பிடித்தது. ஒரு இருமல். அடக்கப் பார்த்து முடியாமல் இன்னொன்று, வாயில் டொபியோடு. எனக்கு அது மனப்பாடம். இரண்டு நாள் முழுக்க அதைத்தானே பார்த்துப் பார்த்துத் தேய்த்தேன்.

"இவதான்" என்றார். மறுபடி போடச் சொன்னார். மறுபடியும். பாட்டெல்லாம் வேண்டாம், அந்த இடம் மட்டும் என்றார். மருமகள் மத்தியானச் சாப்பாட்டுக்கு வரும்வரை போட்டுக்கொண்டே இருந்தேன்.

கிளம்பும்போது, பாட்டை வெளியிட அனுமதி கேட்க எனக்கு முகம் இல்லை. அவரே சொன்னார்.

"பாட்ட யாருக்கு வேணும்னாலும் குடுங்க. இருமலோட குடுங்க."

ஊர் வந்ததும் வீட்டுக்குக் கூடப் போகவில்லை. நேராகக் கூடத்துக்குப் போய், இருமலை எடுத்து நான் சுத்தம் பண்ணி வைத்திருந்த பிரதியை அழித்தேன். அழிப்பது எனக்குக் கை வந்த வேலைதானே.